வெர்லீன் டாலிவரின் இடது கை

வெர்லீன் டாலிவர் சிரித்தால் மூன்று வீடு தள்ளிப் படுத்திருக்கும் நாய் எழுந்து உட்காரும். பாடினால் அதே நாய் மறுபடி தலையைச் சாய்த்துப் படுத்துக்கொள்ளும். அவள் குரலைப் பற்றி இவ்வளவு சரியாக எந்தப் பத்திரிகைக்காரனும் எழுதியதில்லை. அவர்கள் எழுதியது வேறு. அது பின்னால் வரும், அவசரப்பட வேண்டாம்.

மெம்பிஸ் நகரத்தின் தெற்குப் பக்கம், ரயில் பாதையை ஒட்டிய கறுப்பர் தெருவில் அவள் வீடு. வாரம் முழுக்க ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஆவி கக்குகிற உருளைக்குள் ஈரப் படுக்கைத் துணியை ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் இழுக்க வேண்டும். புருஷன் லான்ஸோ டயர் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். மகள் ரெனீட்டாவுக்கு ஒன்பது வயது, வாய்க்கு மட்டும் முப்பது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெர்லீன் வேறு ஆள். நியூ கேனன் பாப்டிஸ்ட் சபையின் வாசல் ஊழியர். வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை, மார்பில் பித்தளை வில்லை. அந்த வேலையில் பேச்சே கிடையாது, எல்லாம் கைதான். வலது கை விரல்கள் எத்தனை இடம் காலி என்று சொல்லும். உள்ளங்கையைக் காட்டினால் ஜெபம் நடக்கிறது, கவர்னரே வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். இடது கை மட்டும் அசையாது. அது விரல் மூடி முதுகுக்குப் பின்னால், இடுப்போடு ஒட்டி இருக்கும். நான் ஊழியத்தில் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். அப்படி நிற்கிறவரிடம் யாரும் வம்பு பேசக் கூடாது, கடன் கேட்கக் கூடாது, கல்யாணமானவரா என்று விசாரிக்கக் கூடாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரிவதற்கு முன்னால் இது தெரியும்.

வெர்லீனுக்கு இது எலும்பில் ஊறிய பழக்கம். டாக்டர் வரிசையில் நின்றாலும், சூப்பர்வைசர் கத்தினாலும், ரெனீட்டாவின் டீச்சர் கூப்பிட்டு விட்டாலும் இடது கை தானாக முதுகுக்குப் போய்விடும். கல்யாணத்தில் போதகர் இவனை ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டபோதுகூட அப்படித்தான் நின்றாளாம். அன்றைக்கு என்னைக் கட்டிக்கொண்டாளா, உட்கார இடம் காட்டினாளா என்று இன்னும் தெரியவில்லை என்பான் லான்ஸோ, விருந்தாளி வரும்போதெல்லாம்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாத ஊழியர் நாளுக்கு அணிவகுப்பை நடத்திச் செல்ல அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஊழியர் நாள் என்றால் நகரத்துச் சபைகள் எல்லாம் வந்து குவியும். மற்ற சபை ஊழியர்கள் நம் ஆட்களின் தையல் ஓரம் வரை கண்ணால் அளப்பார்கள். இத்தனை வருஷமாக முன்னால் நடந்தவர் மதர் பேக்பி, ஊழியர் சங்கத்தின் தலைவி. அவர் புருவத்தை உயர்த்தினால் அழுகிற குழந்தை நிறுத்திவிடும். மூட்டு போய்விட்டதால் இந்த வருஷம் வெர்லீனைக் கைகாட்டினார். வாயால் சொல்லவில்லை, கைதான் காட்டினார். வெர்லீன் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்துக்கு அழுகிறவர்களை லான்ஸோவுக்குப் புரியாது. அவன் போய் மீன் வறுத்தான்.

அந்தச் சமயத்தில்தான் இசைத்தட்டும் வந்தது.

சலவைக்கூடத்தில் அவள் எதிர்ப் பக்கம் நின்று துணி இழுக்கிற சிநேகிதியும் சக வாசல் ஊழியருமான ஆர்டெல்லாதான் பிடித்துத் தள்ளினாள். இந்தக் குரலைப் படுக்கைத் துணிக்குக் கேட்க வைப்பது பாவம் என்பது அவள் கட்சி. பழைய பேக்கரி ஒன்றை ஸ்டூடியோ ஆக்கியிருந்த ஒரு கம்பெனியில் போய்ப் பாடினாள். எல்லாம் அவளே கட்டிய பாட்டு. அதில் ஒன்று லான்ஸோவுக்காக. ராத்திரி வேலைக்குப் போன மனுஷன் திரும்பி வரும்வரை வாசல் விளக்கை அணைக்க மாட்டேன் என்று போகும். கம்பெனிக்காரர் விட்கம்ப் அதைக் கேட்டு மூக்கைச் சிந்தினார். அது நிஜம், ஆர்டெல்லா பார்த்தாள்.

இசைத்தட்டு அட்டைக்குப் படம் எடுக்க லான்ஸோவும் கூடப் போனான். வெர்லீன் தானே தைத்த கருநீலக் கவுன், கழுத்து மூடி, கை மணிக்கட்டு வரை. போட்டோக்காரர் வெள்ளைக்காரர். மரியாதைப்பட்டவர், மேடம் என்று கூப்பிட்டார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதிலுக்கு எப்படி மரியாதை காட்டுவது என்று தெரியாமல், கை தானாக முதுகுக்குப் போனது. சும்மா நிற்க வேண்டாம், பாடுங்கள் என்றார். விளக்குப் பாட்டின் உச்ச இடத்தைப் பாடினாள், வாய் திறந்து, கண் சொருகி, இடது கை ஊழியத்தில். கேமரா சொடுக்கியது. லான்ஸோ கைதட்டினான்.

இசைத்தட்டு கடைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. அணிவகுப்பு ஒத்திகை முடிந்து ஊழியர் சங்கப் பெண்கள் எல்லாரையும் வெர்லீன் தானே அழைத்துக்கொண்டு போனாள். கருநீலக் கவுனின் கழுத்துப் பின்னல் படத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம், மதர் பேக்பி கொடுத்த பின்னல் அது. வெள்ளை ஷூக்கள் டக்டக்கென்று நடைபாதையில் போக, மதர் பேக்பி கைத்தடியோடு நடுவில்.

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறைய அட்டைகள். வெர்லீன் ஒவ்வொன்றாகத் தேடினாள். கருநீலம் எங்கும் இல்லை. கடைக்காரர் பெட்டிஸ் வெளியே வந்து, வந்ததற்காக வருத்தப்படுகிறவர் மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னோடது இன்னும் வரலையா, மிஸ்டர் பெட்டிஸ்?"

பெட்டிஸ் தரையைப் பார்த்தார். "அதுக்கு முன்னாடிதான் நிக்கிறீங்க, மிஸ் வெர்லீன்."

பச்சைக் காடு. தடித்த இலைகள், கொடிகள். நடுவில் ஒரு பெண், உடம்பில் கைக்குட்டை அளவுக்குச் சிறுத்தைத் தோல், மிச்சமெல்லாம் எண்ணெய் பூசிய மாதிரி பளபளவென்று தோல். வாய் உறுமுகிற மாதிரி பிளந்திருந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால். அந்த மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு. கயிறு பின்னால் ஒரு மரத்தில் கட்டியிருந்தது. மேலே மஞ்சள் எழுத்தில் 'பிடிபட்டவள்'. புருவத்துக்குப் பக்கத்தில் அம்மை வடு. அது வெர்லீனின் வடு.

வாசல் ஊழியர்கள் சத்தம் போடாமல் இருக்கப் பழகியவர்கள்தான். ஆனால் அது வேறு மாதிரி அமைதி. ஒருத்தி தன் பையைத் திறந்து, உள்ளே பார்த்து, எதையும் எடுக்காமல் மூடினாள். ஆர்டெல்லாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இது நீ இல்லடி. சின்னப் புள்ளையிலேர்ந்து பாக்குறேன், அந்த இடுப்பு உனக்கு எந்த வருஷமும் இருந்ததில்ல."

வேறு சமயமாக இருந்தால் வெர்லீன் சிரித்திருப்பாள், நாய் எழுந்திருக்கும். இப்போது கண்ணாடியில் விரலை வைத்தாள். "மூஞ்சி என்னுது," என்றாள். விரலைக் கீழே இறக்கி, "கையும் என்னுது."

மதர் பேக்பி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், மற்ற எல்லாரையும்விட அதிக நேரம். பிறகு கைத்தடியைத் திருப்பினார். வெள்ளை ஷூக்கள் எல்லாம் அவர் பின்னால் போயின.

மறுநாள் காலை வெர்லீன் சீருடைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது லான்ஸோ ஷிஃப்ட் முடிந்து வந்தான். கையில் அதே அட்டை, நாலு மூலையிலும் டேப் கிழிந்த அடையாளம். ஃபேக்டரியில் யாரோ சட்டை மாற்றுகிற அறைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். அவன் வீட்டில் பன்றிக் கழுத்தெலும்புக் குழம்பு சாப்பிட்டு அவளை அக்கா என்று கூப்பிட்ட பையன்கள்தான் அதன் முன்னால் நின்று விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் சுவரைப் பார்த்தார்களாம். ஒருத்தன் மட்டும், குடுத்து வச்சவன்யா நீ என்று முதுகில் தட்டினானாம், வாழ்த்துகிற மாதிரி.

லான்ஸோ கட்டிலில் உட்கார்ந்தான். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"நான் அங்கதான் நின்னேன், வெர்லீன். நீ கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டிருந்த. என் கண்ணு முன்னாடிதான் எடுத்தான். என் கண்ணு முன்னாடியே உன்னை உரிச்சிருக்கானுங்க, நான் கைதட்டிக்கிட்டு நின்னிருக்கேன்."

வெர்லீன் அவன் முன்னால் மண்டியிட்டாள். அவன் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சபைக்குக் கிளம்பினாள்.

சபையில் அவள் வாசலில் போய் நின்றாள். கை பின்னால் போனது. உடனே ஒரு மாற்றம். உள்ளே வருகிற ஒவ்வொருவர் கண்ணும் அவள் முகத்துக்கு வராமல், இடுப்பைச் சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கம் போனது. கயிறு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. பின் பெஞ்சுப் பையன்கள் ஒருத்தன் காதில் ஒருத்தன் குசுகுசுத்தார்கள். சபை நிர்வாகத்தில் இருக்கிற டீக்கன் பர்விஸ் கிட்டே வந்து, சிஸ்டர் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கலாமே என்று அக்கறையாகச் சொன்னார். இந்த டீக்கன் அந்த அட்டையில் ஒன்று வாங்கி வீட்டில் வைத்திருந்தார், சபையின் ஒழுக்கத்துக்கு அத்தாட்சியாக. அத்தாட்சியை அவர் அடிக்கடி எடுத்துப் பரிசோதிப்பதாக அவர் பேரன் சொல்கிறான்.

சபைக் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து மதர் பேக்பி வலது கையை உயர்த்தினார். ஒரு விரல், பிறகு கீழே. ஒரு ஆள், உட்காரட்டும். அந்தச் சைகையை வெர்லீன் ஆயிரம் பேருக்குக் காட்டியிருக்கிறாள். தனக்குக் காட்டி அன்றைக்குத்தான் பார்த்தாள். போய் உட்கார்ந்தாள். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை லான்ஸோவும் அவளும் கம்பெனிக்குப் போனார்கள். இது ஏதோ தப்பு நடந்துவிட்டது, வேறு யாருக்கோ வரைந்ததில் தன் முகம் சேர்ந்துவிட்டது என்று வெர்லீன் இன்னும் நம்பினாள். அச்சில் தாள் மாறிப் போவதில்லையா.

விட்கம்ப் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் பல். வடக்கே முன்னாலேயே கடைக்கு வந்துவிட்டதாம், காலேஜ் பையன்கள் வாங்கித் தள்ளுகிறார்களாம். ஒரு பத்திரிகையை எடுத்துச் சத்தமாக வாசித்தார். டென்னசிச் சதுப்புக் காட்டில் பிடிபட்ட கரும்புலி என்று ஆரம்பித்தது. தொடையைப் பற்றி ஒரு பத்தி. உதட்டைப் பற்றி ஒரு பத்தி. பழக்கினால் பழகுமா என்று ஒரு கேள்வி. வெர்லீன் தன் வாழ்நாளில் பார்த்த பெரிய காடு நகராட்சிப் பூங்காதான், அதுவும் பஸ்ஸில் போகும்போது. பாட்டைப் பற்றி எப்போது வரும் என்று காத்திருந்தாள். வந்தது, ஒரே சொல். 'உறுமல்'.

பிறகு விட்கம்ப் அலமாரியைத் திறந்தார். ஹாங்கரில் அந்தச் சிறுத்தைத் துணி தொங்கியது, பக்கத்தில் சுருட்டி வைத்த கயிறு. அடுத்த சனிக்கிழமை சாயந்திரம் டெலிவிஷனில் பாட வேண்டும், நாடு முழுக்கத் தெரியும். கயிறு பட்டில் செய்தது, அறுக்காது என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் மணிக்கட்டு வலிக்கக் கூடாது என்று அவ்வளவு அக்கறை. அதுதான் சங்கடம். கெட்டவன் என்றால் திட்டிவிட்டு வந்துவிடலாம்.

என் உடம்பில் கயிறு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டாள்.

"அது உங்க ஐடியாதானே டார்லிங்," என்றார் விட்கம்ப், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "ஓவியன் அந்தக் கையைப் பாத்ததும்தான் கயிறே தோணுச்சுன்னான். நாங்க என்னத்த சேத்தோம்? கட்டிப் போட்ட மாதிரி நீங்களேதான் நின்னீங்க."

வெர்லீன் விடவில்லை. அந்தக் கை ஊழியத்தில் இருக்கிறது என்று விளக்கினாள். சபையில் அப்படித்தான் நிற்போம், ஆண்களும் நிற்பார்கள், குழந்தைகளும் நிற்கும், அது மரியாதை என்றாள். விட்கம்ப் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். அது உங்களைத் தவிர யாருக்குத் தெரியும் என்றார்.

பாட வர மாட்டேன் என்று அவள் சொன்னபோதும் அவர் கோபப்படவில்லை. வேறொரு பெண்ணை அனுப்புவார்களாம். இசைத்தட்டை ஓடவிட்டு உதட்டை அசைத்தால் போதும். பேர் வெர்லீன் டாலிவர்தான். குரலும் பேரும் கம்பெனியுடையது என்று அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பார்க்கிறவனுக்கு உடம்பு படம் மாதிரி இருந்தால் சரி, முகத்தை யார் பார்க்கிறார்கள்?

லான்ஸோ எழுந்தான். அவன் கை பெரிய கை, டயர் தூக்குகிற கை. வெர்லீன் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். இந்த ஊரில் வெள்ளைக்காரன் மேசைக்கு முன்னால் லான்ஸோ கை ஓங்கினால் அது எங்கே போய் முடியும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுத் தெருவில் திரும்பியபோது பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சாதாரணமாக அந்த நேரம் இரட்டைக் கயிற்றைச் சுழற்றிக் குதித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பாட்டிகளைக் கிண்டல் செய்து பாட்டுப் பாடுவார்கள். இன்றைக்குக் கயிறு சுழலவில்லை. விளக்குக் கம்பத்தில் ஒரு முனை. இன்னொரு முனை ஒரு சின்ன மணிக்கட்டில், முதுகுக்குப் பின்னால். அந்தப் பிள்ளை சட்டையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, வாயைப் பிளந்து உறுமியது. மற்றவர்கள் வேட்டைக்காரர்கள், குச்சியைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு.

ரெனீட்டா திரும்பிப் பார்த்து அம்மாவைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"அம்மா, நான்தான் நீ."

வெர்லீன் முடிச்சை அவிழ்க்கப் போனாள். அது பிள்ளைகள் போட்ட முடிச்சு, இறுகிவிட்டது. படுக்கைத் துணியில் கத்தை கத்தையாக முடிச்சவிழ்க்கிற விரல்கள் வழுக்கின. லான்ஸோதான் கத்தியால் அறுத்தான். கயிறு போச்சே என்று ரெனீட்டா அழுதாள். அவளுக்குத் தெரிந்த நஷ்டம் அவ்வளவுதான்.

ஸ்கூலில் எல்லாரும் அது நீதான் என்கிறார்கள், அது நீதானே அம்மா என்று அவள் சாப்பிடும்போது கேட்டாள். வெர்லீன் கீரையைப் பரிமாறினாள். இன்னும் கொஞ்சம் கீரை வைத்தாள். தட்டில் இடம் இல்லாமல் போகும்வரை வைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம் ஆர்டெல்லா உருளைக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து செய்தி கொண்டுவந்தாள். ஊழியர் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை சாயந்திரம் சங்கம் மதர் பேக்பி வீட்டில் கூடுகிறது. பேசப்போவது வெர்லீனைப் பற்றி மட்டும் இல்லை. வெளிச்சபையார் அத்தனை பேரும் அந்த அட்டையைப் பார்த்திருக்கிறார்கள். நாற்பது பேர் அந்தக் கையோடு வரிசையாக நடந்தால் நாற்பது கயிறு தெரியும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அதனால் இந்த வருஷம் இடது கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு நடக்கலாம் என்று மதர் பேக்பியே யோசிக்கிறாராம்.

வெர்லீன் துணியை விட்டுவிட்டாள். அது உருளையில் சுருண்டு சிக்கிக்கொண்டது. தன்னை உட்கார வைத்தது வேறு. அவள் அம்மாவும், அம்மாவின் அம்மாவும் அந்தக் கையோடு நின்றவர்கள். ஊரில் கறுப்பருக்கு எந்தக் கதவும் முன்பக்கமாகத் திறக்காத காலத்தில், ஒரு கதவுக்காவது தாங்கள் பொறுப்பு என்று நின்றவர்கள். ஒரு படம் வரைகிறவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான், எடுத்தது என்ன என்றுகூடத் தெரியாமல்.

சனிக்கிழமை சாயந்திரம் அவள் கூட்டத்துக்குப் போனாள். கூப்பிடவில்லை, இருந்தாலும் போனாள். மதர் பேக்பியின் முன்னறையில் சோபாவெல்லாம் பிளாஸ்டிக் உறை, உட்கார்ந்தால் முனகும். எல்லாரும் முனகிக்கொண்டு தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். பவுண்டு கேக் ஒரு துண்டு கையில் வந்தது. என்ன நடந்தாலும் அந்த வீட்டில் கேக் வரும்.

வெர்லீன் நடந்ததைச் சொன்னாள். கவுன், பொத்தான், மேடம் என்றது, கை போனது. சிலர் தலையாட்டினார்கள். சிலர் கேக்கைப் பார்த்தார்கள். கொஞ்சமாவது நீயும் போஸ் கொடுத்திருப்பாய் என்ற நினைப்பு அறையில் சுற்றிக்கொண்டிருந்தது, யாரும் அதை வாயால் சொல்லவில்லை. ஒரு சிஸ்டர் மட்டும், நெருப்பில்லாமல் எப்படி என்று ஆரம்பித்து ஆர்டெல்லா பார்த்த பார்வையில் நிறுத்தினாள்.

மணி பார்த்து வெர்லீனே எழுந்து டெலிவிஷனைப் போட்டாள்.

சீப்பு மாதிரி பல் உள்ள ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, காட்டிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு, கூண்டைப் பூட்டிக்கொள்ளுங்கள், இதோ வெர்லீன் டாலிவர் என்றார். கேக் தட்டோடு உட்கார்ந்திருந்த வெர்லீன் டாலிவரை அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பெட்டியைப் பார்த்தார்கள்.

அட்டைப் பனைமரங்களுக்கு நடுவில் ஒரு பெண் நாலு காலில் வந்தாள். பதினெட்டு இருந்தால் அதிகம். அந்தத் துணி. அந்தக் கயிறு. வெர்லீனின் குரல் கிளம்பியது, வாசல் விளக்கு எரியுது, வந்துரு வீட்டுக்கு என்று. தவமிருந்து புருஷனுக்குக் கட்டிய பாட்டு. பெண்ணின் உதடு ஒரு வார்த்தை பின்தங்கி அசைந்தது. கேமரா அவள் முகத்துக்குப் போகவே இல்லை. முதுகில் ஏறி, காலில் இறங்கி, மறுபடி ஏறியது. கூட்டம் ஊளையிட்டது. ஒருமுறை மட்டும், தவறுதலாகத்தான் இருக்க வேண்டும், முகம் வந்தது. சிரிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவள் சிரித்தாள். கண்ணில் சிரிப்பு இல்லை. கண் யாரையோ தேடியது.

நெருப்பைப் பற்றிப் பேச வந்த சிஸ்டர் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். வெர்லீன் இங்கே இருக்கிறாள். அங்கேயும் வெர்லீன்தான். யார் நின்றிருந்தாலும் அதே துணியைத்தான் போட்டிருப்பார்கள், அதே கயிற்றைத்தான் கட்டியிருப்பார்கள். நானே நின்றிருந்தாலும் என்று அந்த அறையில் ஒவ்வொருத்தியும் ஒரே சமயத்தில் கண்டுகொண்ட மாதிரி, பிளாஸ்டிக் உறைகூட முனகாமல் போனது.

அணை என்றார் மதர் பேக்பி.

"அணைக்காதீங்க, மதர்," என்றாள் வெர்லீன். "பாட்டு முடியட்டும். அந்தப் பொண்ணு தனியா நிக்குது."

தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள், டெலிவிஷனுக்கு எதிரே, பாட்டு முடியும்வரை. யாரோ பெற்ற பிள்ளை, இன்றைக்கு வீட்டுக்கு எப்படிப் போகும், யார் கூட்டிப் போவார்கள் என்று மட்டும் ஆர்டெல்லாவிடம் மெல்லக் கேட்டாள். ஆர்டெல்லாவுக்கு எப்படித் தெரியும்?

பாட்டு முடிந்தது. சீப்புப் பல்காரர் சோப்பு விளம்பரத்துக்குப் போனார். மதர் பேக்பி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு வெர்லீன் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு கடைவாசல்ல நான் உன்னைப் பாக்கல," என்றார். "அந்தக் கையத்தான் பாத்தேன். அதை உனக்குச் சொல்லிக் குடுத்தது நான். நான் சொல்லிக் குடுத்ததை வச்சே உன்னைக் கட்டிட்டானேன்னு, உன் மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு. அதான் உக்காரச் சொன்னேன்."

நாளைக்கு இடது கை எங்கே இருக்கும் என்று ஆர்டெல்லா கேட்டாள். முன்னால் போகிறவளைக் கேளுங்கள் என்றார் மதர் பேக்பி.

மறுநாள் சபைக்கு வெளியே படிவரை கூட்டம். பக்கத்துச் சபை ஊழியர்கள் மஞ்சள், இளநீலம் என்று சீருடையில் ஜொலித்தார்கள். டீக்கன் பர்விஸ் முதல் வரிசையில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆர்கன் ஆரம்பித்தது. கதவு திறந்தது.

வெர்லீன் இடது கையைப் பின்னால் கொண்டுபோனாள். அங்கே போனதும் அவளுக்குக் கயிறு உறுத்தியது. நிஜமாகவே உறுத்தியது, மணிக்கட்டைச் சுற்றி. விரலை மூடப் பார்த்தாள், மூடவில்லை. எட்டு நாளாகக் கடைக் கண்ணாடியிலும் கதவிலும் விளக்குக் கம்பத்திலும் பார்த்த அத்தனையும் அந்த விரல்களில் வந்து உட்கார்ந்துகொண்டு மூட விடவில்லை. ஆர்கன் இரண்டாவது தடவை அதே இடத்துக்கு வந்துவிட்டது. இனி நிற்க முடியாது. திறந்த கையோடு, உள்ளங்கை வெளியே தெரிய, அப்படியே நடந்தாள்.

அணிவகுப்பில் ஒரே ஒரு விதி. முன்னால் போகிறவர் செய்வதைப் பின்னால் வருகிறவர் செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. முன்னால் போகிறவருக்கு முதுகில் கண் இல்லை. வெர்லீன் நடுப் பாதையில் போய், மேடைக்கு முன்னால் வளைந்து, சுவரோரமாகச் சபையைச் சுற்றிக்கொண்டு மறுபடி வாசலுக்கு வந்தாள். வரிசையின் வால் அப்போதுதான் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. கடைசியில் குட்டி ஊழியர்கள், பெரிய கையுறை போட்ட சின்னக் கைகள், அவர்களில் ரெனீட்டா.

எல்லாருடைய இடது கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எல்லாம் திறந்திருந்தது.

வெர்லீனுக்கு நடை தடுமாறியது. அந்த எட்டு நாளில் அவளுக்கு விழுந்த அடிகளில் வலிக்காமல் விழுந்தது அது ஒன்றுதான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அடுத்த அடியை ஆர்கனோடு சேர்த்து வைத்தாள்.

விருந்தில் கோழியைக் கடித்துக்கொண்டே இளநீலச் சீருடைக்காரர்கள் அதைப் பற்றித்தான் பேசினார்கள். நியூ கேனன்காரர்கள் ஏதோ புதுப் பாணி கொண்டுவந்துவிட்டார்கள், நாமும் அடுத்த வருஷம் செய்யலாம் என்றார்கள். அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு சாலட்டைப் பரிமாறிக்கொண்டிருந்த மதர் பேக்பியின் காதில் அது விழுந்தது. அவர் யாரையும் திருத்தவில்லை.